ஏழாம் தெரு, நாற்பத்து மூன்றாம் கதவு வரை

ஜூன் 5, திங்கள்

திரை முழுதும் சிவப்பு. இன்று மட்டும் முப்பத்தொரு தெருக்கள் தோல்வி. கணக்கெடுப்பவர்கள் கால்வாய்க் கரையில் நின்றுகொண்டு டேப்லெட்டிலிருந்து அனுப்புகிறார்கள். அங்கே சிக்னல் இரண்டு கோடு வந்தாலே அதிசயம். பாதியில் அறுந்துபோகிறது. சர்வர் 'முழுதாக வரவில்லை, மறுபடி அனுப்பு' என்கிறது. மறுபடி அனுப்புகிறார்கள். மறுபடி அறுகிறது.

வெள்ளிக்கிழமை துறை அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள். மேனேஜர் முகுந்தன் எங்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் வந்து நின்று, "எனக்கு வெள்ளிக்கிழமை எல்லாம் பச்சையா இருக்கணும், அவ்ளோதான்" என்றார். மார்க்கெட்டில் கீரை கேட்பது போல.

கால்வாய் ஓரம், ஆற்றோரம் குடியிருக்கிறவர்களை வீடு வீடாக எண்ணி, யார் யாருக்கு மாற்று வீடு என்று பட்டியல் போடும் மென்பொருள் இது. மீட்டிங்கில் 'மறுகுடியமர்வு' என்கிறார்கள். இடிப்பதற்கு முன்னால் எண்ணுவது என்று யாரும் சொல்வதில்லை. நான் அப்படி ஒரு கரையில் பிறந்தவள் என்பது இந்த ஆறு மாடிக் கட்டடத்தில் ஒருவருக்குத்தான் தெரியும். டீம் லீட் எபினேசர். எபி அண்ணன். அவரும் எங்கள் பீப்பாய்த் தோட்டம், ஏழாம் தெரு. என் பயோடேட்டாவை இங்கே கொடுத்தவரே அவர்தான். முதல் நாள் லிஃப்டில் சொன்னார்: "ஊர் எதுன்னு கேட்டா சோழிங்கநல்லூர் பக்கம்னு சொல்லு சுகி. அட்ரஸ பாத்தே மார்க் போடுவானுங்க."

ஒன்றரை வருடமாக நான் சோழிங்கநல்லூர் பக்கம்.

ஹாஸ்டலில் வாஷிங் மெஷின் கெட்டுவிட்டது. நான்கு சுடிதாரைக் கையால் துவைத்தேன். தோள் வலிக்கிறது.


ஜூன் 7, புதன்

எபி அண்ணன் இரண்டு வரி மாற்றம் ஒன்று அனுப்பினார். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்து ஓகே போட்டால்தான் எதுவும் சர்வருக்குப் போகும், அது இங்கே விதி. ரிவ்யூவுக்கு என் பெயர் போட்டிருந்தார். கேன்டீன் வரிசையில் நின்றபடி போனிலேயே ஓகே போட்டேன்.

எலுமிச்சை சாதம் தீர்ந்துவிட்டது. தயிர் சாதம்தான்.


ஜூன் 9, வெள்ளி

எல்லாம் பச்சை.

பெரிய அதிகாரி திரையைப் பார்த்துவிட்டு, "போன வாரம் ரிவ்யூல செவப்பா இருந்துச்சே?" என்றார். எபி அண்ணன் எழுந்து, "ஆப்டிமைஸ் பண்ணிட்டோம் சார்" என்றார். கைதட்டல். முகுந்தன் அவர் தோளில் கை போட்டு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். பீப்பாய்த் தோட்டத்துக்காரன் தோளில் முகுந்தனின் கை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எழுதக் கூச்சமில்லை.

கேக் வெட்டினார்கள். எனக்கு வந்த துண்டில் க்ரீமே இல்லை.


ஜூன் 18, ஞாயிறு

லூர்து சித்தி வீட்டுக்குப் போனேன். கொரோனாவில் அம்மா போனபிறகு எனக்கென்று இருப்பது அம்மாவின் தங்கையான இவள்தான். மாநகராட்சியில் ஒப்பந்தத் துப்புரவு வேலை. ஞாயிறு மதியம் ஒன்றுதான் அவளுக்கு ஓய்வு. அதிலும் பாதி நேரம் தண்ணீர் லாரிக்குக் குடம் வைப்பதில் போகும்.

கதவில் சிவப்புப் பெயின்டில் 7/88 என்று எழுதியிருந்தது. தெருவில் எல்லாக் கதவிலும் அப்படி ஒரு எண். 7/1-இல் தொடங்கி கால்வாய் முனையில் 7/104 வரை.

"போன செவ்வாக்கெழம எண்ணிக்கினு போனாங்கோ" என்றாள் சித்தி. "உங்க கம்பெனி டப்பாதானாடி அது?"

"ஆமா சித்தி."

"இன்னா டப்பாவோ. சிக்னல் இல்லன்னு அந்தப் பொண்ணு தண்ணி டேங்கு மேல ஏறி நின்னு அனுப்புது. நான் கீழ ஏணிய புடிச்சிக்கினு நிக்கிறேன். வுழுந்து தொலைச்சா அதுக்கும் நம்ம மேலதான கேஸு."

"ரேகை வச்சியா?"

"வச்சேன். இன்னாம்மா எழுதிக்கீறன்னு கேட்டேன். 'எல்லாம் கரெக்டா இருக்கும் ஆன்ட்டி, வைங்க'ன்னுச்சி. படிக்கத் தெரிஞ்சாத்தான சண்ட போட முடியும்? வச்சிட்டேன்."

எறா தொக்கு. மூன்று தட்டு சாப்பிட்டேன்.


ஜூலை 10, திங்கள்

ஹாஸ்டலில் மறுபடி தண்ணீர் இல்லை. வேலையில் ஒன்றுமில்லை. எபி அண்ணனுக்குப் பதவி உயர்வு வருமென்று பேச்சு.


ஜூலை 14, வெள்ளி

மதியம் சித்தி போன் செய்தாள். வேலை நேரத்தில் அவள் பேசுகிறவளே இல்லை.

"பட்டியல் ஒட்டிக்கீறாங்கடி. எம்பேரு இல்ல."

"நல்லா பாரு சித்தி."

"எனக்கு பாக்கத் தெரியுமா? நாலு பேர வுட்டுப் பாத்துட்டேன். ஏழாம் தெரு நாப்பத்தி மூணோட நிக்குது. அதுக்கு அப்பால எட்டாம் தெரு வந்துடுது. நாங்கள்லாம் எங்க போனோம்?"

நூற்று நான்கு கதவில் நாற்பத்து மூன்று. மீதி அறுபத்தொரு குடும்பம் இல்லை. பட்டியலில் இல்லாதவர்களுக்கு மாற்று வீடு கிடையாது, ஆனால் தெரு மொத்தமும் இடிபடும். ஆட்சேபணை சொல்ல ஜூலை 31, திங்கட்கிழமை விசாரணை. அதன்பின் பட்டியலில் கை வைக்க முடியாதாம். இதையெல்லாம் நோட்டீஸில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள், படிக்கத் தெரியாதவர்களுக்காக.


ஜூலை 15, சனி

விடுமுறை நாளில் ஆபீஸ் போய் சர்வரைத் திறந்தேன். ஏழாம் தெரு: 'முழுமை'. பச்சை டிக். உள்ளே நாற்பத்து மூன்று வீடு.

சர்வரின் பதிவேட்டைத் தோண்டினேன். ஒவ்வொரு இணைப்பும் எப்போது தொடங்கியது, எப்படி முடிந்தது என்று வரிவரியாக எழுதி வைத்திருக்கும். ஜூன் 13, காலை 11:20. டேங்க் மேல் நின்ற பெண் அனுப்பத் தொடங்குகிறாள். 11:22-க்கு அறுந்துபோகிறது. விடைபெறாமல்.

எனக்கே தெளிவாக இருக்கட்டும் என்று எழுதி வைக்கிறேன். இந்த மாதிரி மறையாக்கம் (என்க்ரிப்ட்) செய்த இணைப்பில் பேசி முடித்த பக்கம் சும்மா போய்விடக் கூடாது. 'நான் முடித்துவிட்டேன், மூடுகிறேன்' என்று கடைசியாக ஒரு சிறு செய்தி அனுப்ப வேண்டும். அதுவும் மற்றதைப் போலவே பூட்டுக்குள் வரும். வழியில் இருக்கிற எவனும் அதைப் போலியாகச் செய்ய முடியாது. அந்தச் செய்தி வந்தால் வந்தது முழுது. வராமல் அறுந்தால் வந்தது பாதியாக இருக்கலாம். நம்பாதே, தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி கேள். விடைபெறாத இணைப்பைப் பிழை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இது பாலபாடம்.

எங்கள் மென்பொருளில் தெருவில் எத்தனை வீடு என்று முதலில் அனுப்புவதே இல்லை. வீடு ஒவ்வொன்றாக வரும், இணைப்பு மூடினால் தெரு முடிந்தது. அப்படித்தான் கட்டினோம். அதனால் அந்தக் கடைசிச் செய்திதான் எல்லாம்.

அது வரவில்லை. சர்வர் 'முழுமை' என்று எழுதிக்கொண்டது. சிக்னல் வந்ததும் டேப் கேட்டிருக்கிறது: ஏழாம் தெரு வந்ததா? வந்தது, முழுமை. சரி என்று டேப் தன்னிடம் இருந்ததை அழித்துவிட்டது. அறுபத்தொரு ரேகை.


ஜூலை 17, திங்கள்

ஏழாம் தெரு மட்டுமில்லை. நகரம் முழுக்க இருபத்து மூன்று தெருக்கள் இப்படி அறுந்து 'முழுமை' ஆகியிருக்கின்றன. எல்லாம் ஜூன் 7-க்குப் பிறகு. இருபத்து மூன்றும் கரையோரம். சிக்னல் நன்றாக இருக்கிற இடத்தில் எவனையும் இடிப்பதில்லையே.

காரணம் இரண்டு வரி. 'விடைபெறாமல் முடிந்தால் பிழையாகக் கொள்ளாதே, முடிந்ததாக எடுத்துக்கொள்.' எழுதியவர்: எபினேசர். கீழே ரிவ்யூ செய்தவர் பெயரும் இருக்கிறது. அதைப் பற்றி இப்போது வேண்டாம்.

வெள்ளிக்கிழமை பச்சை வேண்டும் என்பதற்காக விளக்குக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். எப்படி ஒரு மனிதன் யோசிக்காமல் இதைச் செய்வான்? படித்தவர்கள்தானே?

ஏழாம் தெருவின் பட்டியலை யார் யார் திறந்து பார்த்தார்கள் என்றும் சர்வர் குறித்து வைத்திருக்கிறது. எனக்கு முன்னால் ஒருவர்தான். எபினேசர், ஜூலை 14, காலை 10:05. பட்டியல் ஒட்டிய அன்றே பார்த்திருக்கிறார். அவருடைய சொந்த அண்ணன் குடும்பம் இன்னும் அங்கேதான், 7/12. கவலைப்பட்டிருப்பார் பாவம். அப்படியானால் அவருக்கும் தெரியும், நாளை பேசுவது சுலபம்.


ஜூலை 18, செவ்வாய்

பேசினேன். ஆபீஸுக்கு வெளியே டீக்கடையில். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது.

"எத்தன தெரு?"

"இருபத்தி மூணுணா."

"வேற யாருக்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லணா. ஒங்ககிட்டதான் மொதல்ல."

கொஞ்ச நேரம் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, "நீ மெயில் எதுவும் போடாத. உம்பேரு கெடும். நானே முகுந்தன்கிட்ட எடுத்துனு போறேன். நம்ம ஜனத்துக்கு நாம செய்யலன்னா எவன் செய்வான்?" என்றார். 'நம்ம ஜனம்.' அந்த வளாகத்தின் இருநூறு மீட்டருக்குள் அவர் அந்த வார்த்தையைச் சொல்லி இன்றுதான் கேட்டேன்.

இருபத்து மூன்று தெருவின் பதிவுகளையும் நான் தனியாக எடுத்து வைத்திருந்தேன். அவருடைய ஃபோல்டருக்கு மாற்றச் சொன்னார். "உன்கிட்ட இருக்கிற காப்பிய அழிச்சிடு. ரெண்டு எடத்துல இருந்தா டேட்டா லீக்குன்னு ஒன்னையே புடிப்பானுங்க."

அழித்தேன். சர்வரிலேயே நாற்பத்தைந்து நாள் இருக்கும், ஏழாம் தெருவுடையது ஜூலை 28 வரை. அது போதும்.

டீக்கு அவர்தான் கொடுத்தார். சித்திக்குப் போன் செய்து, "எபி அண்ணன் பாத்துக்கிறேன்னு சொல்லிட்டாரு" என்றேன். "யாரு, நம்ம பன்னெண்டாம் நம்பரு தம்பியா? அப்ப சரி" என்றாள்.


ஜூலை 20, வியாழன்

எபி அண்ணன் நாள் முழுதும் மீட்டிங்கில்.


ஜூலை 21, வெள்ளி

இன்றும்.


ஜூலை 24, திங்கள்

மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டார்கள். முகுந்தன், எச்.ஆர். பெண் ஒருத்தி, எபி அண்ணன். எனக்குச் சந்தோஷம். அண்ணன் மேலே எடுத்துக்கொண்டு போய்விட்டார், என்னிடம் விவரம் கேட்கப் போகிறார்கள் என்று நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போனேன்.

முகுந்தன் திரையில் ஒரு பக்கத்தைப் போட்டார். ஜூன் 7 மாற்றம். திறந்தது மதியம் 12:51:10. ஒப்புதல் 12:51:50. ஒப்புதல் தந்தவர்: சுகிர்தா.

"நாப்பது செகண்ட்" என்றார் முகுந்தன். "ரெண்டு வரிய படிக்கவே உங்களுக்கு நேரம் இல்லையாம்மா?"

"எழுதினது யாரு சார்?"

"டெமோவுக்கு மட்டும் தற்காலிகமா போட்டது. அப்புறம் எடுக்கச் சொன்னேன். எடுக்கல" என்றார் எபி அண்ணன். தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு. யாரிடம் சொன்னார்? என்னிடமா? எப்போது?

"அண்ணா, எங்கிட்ட எப்ப சொன்னீங்க?"

"எபினேசர்னு கூப்பிடுங்க" என்றாள் எச்.ஆர்.

நான் பதிவுகளைப் பார்க்கச் சொன்னேன். "எந்தப் பதிவு?" என்றார் முகுந்தன். அவர் முன்னாலேயே சர்வரைத் திறந்தேன். ஜூன் 24-க்கு முந்தைய பதிவு ஒன்றுகூட இல்லை. சேமிப்பு இடம் போதவில்லையாம், நாற்பத்தைந்து நாளை முப்பதாகக் குறைத்திருக்கிறார்கள். மாற்றியவர் எபினேசர், ஜூலை 19. நான் டீ குடித்ததற்கு மறுநாள். அவருடைய ஃபோல்டரில் நான் போட்டதும் இல்லை.

சிரித்துவிட்டேன். எச்.ஆர். பெண் பயந்துபோய்த் தண்ணீரை என் பக்கம் தள்ளினாள்.

ஒரு கடிதம் தயாராக இருந்தது. 'என் தனிப்பட்ட கவனக்குறைவால் நிகழ்ந்தது, இதுபற்றி வெளியே பேச மாட்டேன், நானே விலகுகிறேன்.' கையெழுத்துப் போட்டால் அனுபவச் சான்றிதழ் உண்டு. போடாவிட்டால் இல்லை. அது இல்லாமல் இந்தச் சாலையில் எந்தக் கம்பெனியும் என்னை வாசலுக்குள் விடாது.

"அந்த அறுபத்தொரு குடும்பம்?" என்று கேட்டேன்.

"சிஸ்டத்துல முழுமைன்னு இருக்கும்மா. துறை ஒத்துக்கிட்டாச்சு. நாம எதுக்குத் திறக்கணும்?" என்றார் முகுந்தன்.

யோசிக்கிறேன் என்று வெளியே வந்தேன். மேசைக்குப் போய்ச் சேர்வதற்குள் லேப்டாப் பூட்டிக்கொண்டுவிட்டது. டப்பாவில் மீதிச் சாப்பாடு இருந்தது. அதை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.


ஜூலை 25, செவ்வாய்

எபி அண்ணனுக்கு ஏழு முறை போன். எடுக்கவில்லை.

நான் இப்போதும் அண்ணன் என்றுதான் எழுதுகிறேன். கை பழகிவிட்டது.


ஜூலை 27, வியாழன்

மதியம் சித்தியிடம் சொன்னேன். ஷிஃப்ட் முடிந்து வந்து, வேலைக்குப் போடும் பச்சைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

எபினேசர் என்ன செய்தான், முகுந்தன் என்ன சொன்னான், கம்பெனி எப்படிப்பட்டது, துறை எப்படிப்பட்டது, இவர்களுக்கெல்லாம் நாம் என்றால் என்ன என்று கத்தினேன். சித்தி கேட்டுக்கொண்டே இருந்தாள். எல்லாம் கேட்டுவிட்டு, "இன்னொருத்தர் படிச்சிப் பாத்தாத்தான் போவும்னு சொன்னியே, அது யாரு?" என்றாள்.

பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றதும் சொன்னேன்.

"நான்தான்."

"படிச்சியா?"

"இல்ல."

"படிக்காமயே ரேகை வச்சிட்டியா?"

"எபி அண்ணன் அனுப்புனாருன்னு..."

"நாங்க தெரியாம வைக்கிறோம்டி" என்றாள். "உன்னப் படிக்க வச்சதே இதுக்குத்தான? தெரிஞ்சி பாக்கத்தான? உங்கம்மா எத்தன வூட்ல பாத்திரம் கழுவுனா?"

அடித்திருந்தால் பரவாயில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் வாசலிலேயே இருந்தேன். அரைமணி கழித்துத் தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

இதுவரை இந்த நோட்டில் அவர்களைத்தான் திட்டியிருக்கிறேன். திரும்பப் படித்துப் பார்த்தேன். ஜூன் 7-இல் மாற்றத்தைப் பற்றி நான்கு வாக்கியம். தயிர் சாதத்தையும் விடவில்லை. அந்த இரண்டு வரியில் என்ன இருந்தது என்று மட்டும் எழுதவில்லை. எழுதியிருக்க முடியாது. பார்க்கவே இல்லை.


ஜூலை 28, வெள்ளி

சித்தி லீவு போட்டுவிட்டாள். இருவரும் 44-இலிருந்து 104 வரை கதவு கதவாகப் போனோம். சிவப்பு எண்ணைப் படம் எடுத்தேன், குடும்பத் தலைவர் பெயர், ரேஷன் அட்டை எண் எழுதிக்கொண்டேன். 59-இல் கதவையே காணோம். மழையில் உளுத்துப்போய் விறகாகிவிட்டதாம். 97-க்காரர், "இந்தப் பெயின்ட்ட நாமளே அடிச்சிக்கினோம்னு சொன்னா இன்னா பண்ணுவ?" என்று கேட்டார். சரியான கேள்வி. கதவு எண் மட்டும் போதாது. எண்ணியது சர்வரில் எப்படி அறுந்தது, அறுந்தது எப்படி முழுமை ஆனது என்று உள்ளே இருந்த ஒருவர் எழுதிக் கொடுத்தால்தான் நிற்கும். பதிவு போய்விட்டது. மிச்சமிருப்பது நான்.

12-ஐத் தாண்டும்போது எபியின் அண்ணன் வாசலில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். சித்தி, "போன் தலகீழாக் கீது பாரு" என்றாள். நேற்றிலிருந்து என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை.

கம்பெனியிலிருந்து மெயில். கடிதத்தில் கையெழுத்துப் போட திங்கட்கிழமை மதியம்வரை அவகாசம்.


ஜூலை 31, திங்கள்

தனி வட்டாட்சியர் அலுவலகம். அறுபத்தொரு குடும்பத்திலிருந்தும் ஆளுக்கொருவர் வேலையை விட்டு வந்திருந்தார்கள். சித்தி அவர்களைக் கதவு எண் வரிசையில் வராந்தாவில் நிறுத்தினாள். எழுபத்திரண்டும் எழுபத்து மூன்றும் தண்ணீர்க் குழாய்ச் சண்டைக்காரர்கள். பக்கத்தில் நிற்க மாட்டேன் என்றார்கள். "வூடு கெடைச்சதும் வேற வேற மாடில நின்னு சண்ட போடுங்க, இப்ப நில்லு" என்றாள்.

வட்டாட்சியர் ஒரு பெண். களைத்த முகம். கணினியைப் பார்த்து, "முழுமைன்னு வந்திருக்கே" என்றார்.

நான் சொன்னேன். இணைப்பு எப்படி முடிய வேண்டும், எப்படி அறுந்தது, எதை மாற்றினார்கள். அவர் நடுவில், "தந்தி பாதியில நின்னா ஸ்டாப்னு வராதுல்ல, அந்த மாதிரியா?" என்றார். அந்த மாதிரிதான். எழுதி வந்ததைக் கொடுத்தேன். இரண்டு பக்கம். படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"'அந்த மாற்றத்தை நான் படிக்காமல் ஒப்புதல் அளித்தேன்.' இதையும் நீயேதான் எழுதினியா?"

"ஆமா மேடம்."

"இதுல கையெழுத்துப் போட்டா கம்பெனி உன்ன விடாது. தெரியுமா?"

"விட்டுட்டாங்க மேடம்."

"படிச்சிட்டுப் போடு" என்று தாளைத் திருப்பித் தந்தார். நான் எழுதியதையே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். கையெழுத்துப் போட்டேன். மணி பதினொன்றே முக்கால்.

பெயர்களைப் பதிய ஆரம்பித்தார்கள். சித்தி கூப்பிட, ஆள் உள்ளே வர, கிளார்க் தட்டச்சு செய்தார். எண்பதாம் கதவு வரும்போது கரண்ட் போனது. கணினி அணைந்தது. கிளார்க் நாற்காலியைப் பின்னால் தள்ளி, "சரி, வந்த வரைக்கும் போதும்மா. மீதிய ஒரு மனுவா போட்ருங்க. சாப்பாட்டு நேரம்" என்றார்.

வரிசை அப்படியே நின்றது. இவர்களுக்கு இது புதிதில்லை என்று முகங்களைப் பார்த்தால் தெரிந்தது. இரண்டு பேர் வெளியே திரும்பக்கூடச் செய்தார்கள்.

சித்தி மேசைமேல் கையை ஊன்றினாள். "இன்னா சார் போதும்? அறுவத்தி ஒண்ணு. முப்பத்தி ஆறுதான் ஆயிக்கீது. கரண்ட் போனா நாங்க முடிஞ்சிட்டோம்னு அர்த்தமா? போன தடவயும் இப்டித்தான சொன்னீங்க?"

"ஏம்மா, சிஸ்டமே ஆஃப்..."

"சிஸ்டம் ஆஃபுன்னா பேனா ஆஃபா? நான் முடிஞ்சிச்சுன்னு சொல்றவரைக்கும் முடியல சார். எழுது."

வராந்தாவில் யாரோ சிரித்தார்கள். வட்டாட்சியர் தன் பேனாவையே எடுத்து கிளார்க் முன்னால் வைத்தார். "வெள்ளைத் தாள்ல எழுதுங்க. முதல்லருந்து. மொத்தம் அறுபத்தொண்ணுன்னு மேலேயே போட்டுக்குங்க."

நாற்பத்து நான்கிலிருந்து மறுபடி. ஃபேன் இல்லாத அறையில் கிளார்க்கின் சட்டை முதுகோடு ஒட்டியது. எண்பத்தெட்டு வந்தபோது சித்தி தன் பெயரைத் தானே கூப்பிட்டுத் தானே, "இங்கதான் கீறேன்" என்றாள். நூற்று நான்காம் கதவு, தனியாக இருக்கும் மீன்காரம்மா செங்கொடி, ரேகை வைத்துவிட்டு விரலைச் சேலையில் துடைத்தாள்.

சித்தி திரும்பி வராந்தாவைப் பார்த்தாள். யாரும் மிச்சமில்லை. கிளார்க்கிடம் சொன்னாள்: "முடிஞ்சிச்சி சார். இப்ப மூடிக்கோ."


ஆகஸ்ட் 2, புதன்

அறுபத்தொரு பெயருக்கும் முத்திரை போட்ட ஒப்புகைச் சீட்டு வந்துவிட்டது. மறு ஆய்வு முடியும்வரை ஏழாம் தெருவைத் தொடக் கூடாது என்று குறிப்பு. வீடு கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. எண்ணப்பட்டார்கள், அவ்வளவுதான். மற்ற இருபத்திரண்டு தெருக்களுக்கும் ஒப்புகைச் சீட்டு இல்லை. பதிவுகள் அழிந்தாலும் தெருப் பெயர்கள் என் நினைவில் இருக்கின்றன. இன்று உட்கார்ந்து எழுதினேன். பத்தொன்பது வந்தது. மீதி மூன்று வரவில்லை. நாளை பத்தொன்பதுக்கும் நேரில் போகத் தொடங்குகிறேன்.

கம்பெனி வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. வரிவரியாகப் படித்தேன்.

எபினேசரின் எண்ணில் படம் போய்விட்டது. செய்தி அனுப்பினால் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. என் எண்ணை பிளாக் செய்துவிட்டான். லிஃப்டில் ஊரை மறைக்கச் சொன்னவன், டீ வாங்கிக் கொடுத்தவன், நம்ம ஜனம் என்றவன். ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. மன்னிப்பு கேட்கவில்லை, திட்டக்கூட இல்லை, போகிறேன் என்றும் சொல்லவில்லை. அறுத்துக்கொண்டு போய்விட்டான். அதோடு நான் முடிந்ததாக எடுத்துக்கொள்வேன் என்று நினைக்கிறான்.

அந்த வரிக்கு ஒருமுறை ஓகே போட்டாகிவிட்டது. இன்னொரு முறை போட மாட்டேன்.